கோர்ட் முடிஞ்சு வந்தப்புறம் அந்த கடைசி அரை மணி நேரம்

வக்கீலுக்கு வேலை எப்ப முடியும்னு யாராவது கேட்டா சிரிப்புதான் வருது. கோர்ட் முடிஞ்சா ஆபீஸ், ஆபீஸ்ல உட்கார்ந்தா கட்சிக்காரங்க போன். அதனால எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் கிளம்பணும்ங்கிற ஆசைய விட்டுட்டேன், எதுல எங்க நிறுத்துறேன்னு எழுதி வச்சுட்டு கிளம்புறேன், அவ்வளவுதான்.

அதுல முதல் இடம் ஹியரிங் நோட்டுக்கு, அதாவது அன்னிக்கு கோர்ட்ல நடந்தத எழுதி வைக்கிறதுக்கு. ரெக்கார்டுல வாய்தா தேதி ஒரு வரியா இருக்கும், ஆனா ஜட்ஜ் எந்த டாக்குமென்ட்ட ரெண்டு தடவை கேட்டாரு, எதிர் வக்கீல் எதை ஒத்துக்கிட்டு எதை மழுப்புனாரு, அடுத்த தடவை நம்மள எங்க மடக்குவாங்க, இதெல்லாம் அந்த ஒரு வரியில கிடைக்காது. காலைல எழுதிக்கலாம்னு விட்டா நாலு கேஸும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். கட்சிக்காரர்கிட்ட போன்ல பேசுனதும் அப்படித்தான். எத்தனை மணிக்கு பேசுனோம், நான் என்ன சொன்னேன், அவர் என்ன முடிவு சொன்னாரு, சமரசப் பேச்சுன்னா அவர் சொன்ன வார்த்தையவே எழுதிட்டு அன்னிக்கே ஒரு சின்ன மெயிலும் போட்டுடுவேன். பல மாசம் கழிச்சு "நான் அப்படி சொல்லவே இல்லையே"ன்னு வரும்போது அன்னன்னிக்கு எழுதின குறிப்புக்கு இருக்கிற மதிப்பு ஞாபகத்துல இருந்து சொல்றதுக்கு கிடையாது, குறுக்கு விசாரணை பண்றவங்களுக்கு இத நான் சொல்லித்தான் தெரியணுமா என்ன.

மணிக்கணக்குல பில் போடுறவங்களுக்கும் இதே கதைதான். நிறைய இடத்துல 6 நிமிஷம் ஒரு யூனிட், அதாவது ஒரு மணி நேரத்துல பத்துல ஒரு பங்கு. அத வாரக்கடைசில உட்கார்ந்து யோசிச்சு எழுதுனா சின்ன போன் காலெல்லாம் விட்டுப்போகும், இல்லைன்னா குத்துமதிப்பா போட்டுட்டு கட்சிக்காரர் கேக்கும்போது முழிக்கணும்.

அப்புறம் டைரி. லிமிடேஷன், அதாவது கேஸ் போட சட்டம் குடுத்திருக்கிற கெடு, அதோட கடைசி நாள மட்டும் குறிச்சு வச்சு பிரயோஜனம் இல்ல, டிராஃப்ட் ஆரம்பிக்கிற நாள், கோர்ட்ல நகல் கேட்டு மனு போடுற நாள், கட்சிக்காரர் வந்து கையெழுத்து போடுற நாள்னு பின்னாடி இருந்து எண்ணிக்கிட்டே வரணும். அடுத்த ரெண்டு வாரத்த சாயங்காலம் ஒரு புரட்டு புரட்டிடுவேன்.

நாளைக்கு செய்ய வேண்டியத எழுதுறதுல ஒரு விஷயம். 2018ல அமெரிக்காவுல பேலர் யுனிவர்சிட்டில 57 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, தூங்கப்போறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் செய்ய வேண்டிய வேலைய எழுதினவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிட்டாங்களாம், அதுலயும் விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரம். அதனால "பதில் மனு"ன்னு மொட்டையா எழுதாம "பாரா 7க்கு பதில், ரசீது தேதி சரிபார்க்கணும்"னு எழுதுறேன். ராத்திரி படுத்தப்புறம் மனசுக்குள்ள ஆர்கியூ பண்றது குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல.

மேஜைய ஒழிக்கிறது எனக்கு பெரிய விஷயமா தெரியல, கேஸ் கட்ட உள்ள வச்சு பூட்டுனா போதும், அடுத்தவங்க ரகசியம் வெளிய கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதிர் தரப்பு வக்கீலுக்கு சூடா பதில் போடணும்னு தோணுற மெயில் எல்லாம் சாயங்காலத்துலதான் வரும். எழுதுங்க, தாராளமா எழுதுங்க, ஆனா அவரோட மெயில் ஐடிய மட்டும் போடாம சேவ் பண்ணிட்டு போங்க, விரல் தப்பா பட்டாலும் எங்கயும் போகாது. காலைல பாத்தா பெரும்பாலும் பாதி வரிய நானே அழிச்சுடுவேன்.