ஹிக்வா இன்ஸ்பெக்டர் வேலை: முதல் இன்டர்வியூவில் நான் ஏன் தோற்றேன்

வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல ஊருக்கு போன் போட்டபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்ஸ்பெக்டர்னா போலீசாடி?" இல்லையம்மா, மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கிற வீடுகளுக்குப் போய், அங்கே சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற வேலை என்றேன். "ஏதாவது தப்பா இருந்தா நீயே சரி பண்ணிட்டு வந்துருவியா?" என்றார். சிரித்துவிட்டேன். அதற்கு முந்தைய வருடம் இன்டர்வியூ அறையில் நான் சொன்ன பதில் கிட்டத்தட்ட அதுதான்.

அயர்லாந்தில் இருக்கும் நம் ஊர் நர்ஸ்கள் சிலரும் சோஷியல் கேர் படித்த இரண்டு மூன்று பேரும் ஹிக்வா (HIQA) என்ற கண்காணிப்பு அமைப்பின் இந்த வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இது என் அனுபவம் மட்டும்தான். விளம்பரத்துக்கு விளம்பரம் நிபந்தனைகள் மாறும், அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராமநாதபுரம் மாவட்டம், மதுரையில் பி.எஸ்சி. நர்சிங். டப்ளினுக்கு வந்து மருத்துவமனை வார்டில் சில வருடம். அப்புறம் அறிவுத்திறன் குறைபாடு உள்ள நான்கு பேர் வசிக்கும் ஒரு வீட்டில் வேலை, கடைசியில் அந்த வீட்டுக்கே பொறுப்பாளர். இங்கே அந்தப் பதவியை 'பெர்சன் இன் சார்ஜ்' என்பார்கள், பேச்சில் பி.ஐ.சி. ஏன் நான்கு பேர் என்றால், பெரிய பெரிய நிறுவனக் கட்டடங்களிலிருந்து மக்களைச் சாதாரணத் தெருக்களுக்குக் குடிமாற்ற வேண்டும், ஒரு வீட்டில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று 2011-இல் வந்த அறிக்கை பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு வந்த வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. முன்வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

இந்த வீடுகளைப் பரிசோதிப்பது ஹிக்வா. 2007-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் உருவான அமைப்பு. முதியோர் இல்லங்களை முதலில் பார்த்தார்கள், மாற்றுத்திறனாளிகள் இல்லங்கள் 2013 நவம்பர் 1 முதல்தான் அதன் கண்காணிப்புக்குள் வந்தன. ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு மூன்று வருடத்துக்குச் செல்லும். நடுவில் சொல்லிவிட்டும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள்.

சரி, முதல் முயற்சிக்கு வருகிறேன். பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாமுக்குப் படித்த மாதிரியே படித்தேன். இந்த இல்லங்களுக்கான 2013-ஆம் ஆண்டு ரெகுலேஷன்களை, அதாவது சட்ட விதிகளை, நம்பரோடு மனப்பாடம் செய்தேன். 5 தனிநபர் திட்டம், 7 நடத்தை ஆதரவு, 8 பாதுகாப்பு, 9 உரிமைகள், 15 பணியாளர்கள், 23 நிர்வாகம், 28 தீ, 29 மருந்து என்று ஃபிரிட்ஜ் கதவு முழுக்க மஞ்சள் சீட்டு. என் ஆறு வயது மகன் "ரெகுலேஷன் தேர்ட்டி ஒன்!" என்று கத்திக்கொண்டே பால் எடுப்பான். நம்பர் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த அறையில் யாரும் நம்பர் கேட்கவில்லை.

கேட்டது இது: நீங்கள் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், சமையலறையில் ஒரு அலமாரி பூட்டியிருக்கிறது, என்ன செய்வீர்கள்?

எனக்கு உள்ளுக்குள் குஷி. இது நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே! ஊழியர்களிடம் பேசுவோம், டயட்டீஷியனுக்கு எழுதுவோம், திட்டத்தைத் திருத்துவோம், பூட்டைப் படிப்படியாக எடுப்போம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பேனலில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பாளர் செய்ய வேண்டியது. நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். நான் அதையே வேறு வார்த்தைகளில் திரும்பச் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பூட்டை ஒரு இன்ஸ்பெக்டர் எப்படிப் பார்ப்பார் என்று நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு பிராடர்-வில்லி நோய்க்குறி. பசி அடங்காது, சாப்பாடு கண்ணில் பட்டால் நிறுத்த முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பிஸ்கட், ரொட்டி எல்லாம் பூட்டிய அலமாரியில். ஒருநாள் காலை சொல்லாமல் வந்த இன்ஸ்பெக்டர் ஃபைல் எதையும் கேட்கவில்லை. சமையலறை மேசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வேறொரு குடியிருப்பாளர் வந்தார், அந்த நோய்க்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அலமாரிக்கு முன் நின்றார், பூட்டைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். பத்து வினாடிகூட இருக்காது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அதாவது பார்க்கவே இல்லை.

"இந்தப் பூட்டு யாருக்காக?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். சொன்னேன். "மற்ற மூன்று பேரிடம் சாவி இருக்கிறதா?" இல்லை. "அவர்களுக்கும் இது ஒரு கட்டுப்பாடு என்று காலாண்டு அறிக்கையில் தெரிவித்திருக்கிறீர்களா?" இல்லை. ரெகுலேஷன் 31-இன்படி உடல், மருந்து, சுற்றுப்புறம் எந்த வகைக் கட்டுப்பாடாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். ஒருவருக்காகத் தெரிவித்திருந்தேன், மூன்று பேரை விட்டுவிட்டேன். பூட்டை என்ன செய்வது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்ததை எழுதினார், கேட்டதை எழுதினார், காகிதத்தில் இருந்ததை எழுதினார், மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். அதற்கு அடுத்த வாரம் நாங்கள்தான் மூன்று சாவி செய்தோம்.

இரண்டாவது முறை தயாரானபோது நான் செய்த முதல் வேலை, ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டதுதான்: பார்த்தது, கேட்டது, காகிதம். ஹிக்வா தன் ரிப்போர்ட்டுகளை எல்லோரும் படிக்கும்படி இணையதளத்தில் போடுகிறது, காசு கிடையாது. இதைவிட நல்ல மாதிரித் தேர்வு எந்த கோச்சிங் சென்டரிலும் கிடைக்காது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முதலில் குடியிருப்பவர்கள் என்ன சொன்னார்கள், இன்ஸ்பெக்டர் என்ன பார்த்தார் என்று ஒரு பகுதி வரும். அதை மட்டும் படித்துவிட்டு, கடைசியில் இருக்கும் முடிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, நானே தீர்ப்பு சொல்லிப் பார்ப்பேன்: இணங்கியிருக்கிறதா, பெருமளவு இணங்கியிருக்கிறதா, இணங்கவில்லையா? இணங்கவில்லை என்றால், ஆபத்தின் அளவைக் காட்டும் நிறம் ஆரஞ்சா சிவப்பா? அப்புறம் கையை எடுத்துப் பார்ப்பேன். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி தப்பு. நான் எப்போதும் கொஞ்சம் இரக்கப்பட்டே தீர்ப்புச் சொல்லியிருந்தேன், வேலை செய்பவர்கள் பாவம் என்று. நாற்பது ஐம்பது ரிப்போர்ட்டுக்கு மேல் போன பிறகுதான் கை கொஞ்சம் நிதானப்பட்டது.

உதாரணத்துக்குத் தீ. தீப்பிடித்தால் வெளியேறும் பயிற்சியின் பதிவேட்டைத் திறந்தால் வருடத்துக்கு நான்கு பயிற்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே. பிரமாதம் என்று மூடிவிடத் தோன்றும். நேரத்தைப் பாருங்கள்: நான்குமே காலை 11 மணி. அப்போது வீட்டில் ஊழியர் மூன்று பேர். இரவில்? ஒரே ஒருவர், அவரும் படுத்துத் தூங்கும் ஷிப்ட். குடியிருப்பவர்களில் ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்க ஹாய்ஸ்ட் வேண்டும். இப்போது அந்த இரண்டு நிமிடத்துக்கு என்ன மதிப்பு? மிகக் குறைந்த ஆட்கள் இருக்கும் நேரத்தில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டாதவரை ரெகுலேஷன் 28-க்குப் பதில் வரவில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது மட்டும் என்னால் மற்றதைப் போலப் படிக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் மாவட்டம். கட்டுப்பாடு ஒரு ரெகுலேஷன், தீ இன்னொரு ரெகுலேஷன் என்று இங்கே புத்தகத்தில் தனித்தனியாக இருக்கும். எனக்கு அவை இரண்டும் ஒன்றுதான்.

பலரும் படிக்காமல் விடுவது ரெகுலேஷன் 23. நிர்வாகம் என்றாலே நர்ஸ்களுக்குக் கொட்டாவி வரும், எனக்கும் வந்தது. ஆனால் இன்டர்வியூவில் தோண்டுவது இங்கேதான். வீட்டை நடத்தும் அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தானே சொல்லாமல் வந்து பார்த்து எழுத்தில் அறிக்கை வைக்க வேண்டும், வருடாந்தர மதிப்பாய்வும் செய்ய வேண்டும். ஒரே பூட்டை இரண்டு வீட்டில் கற்பனை செய்யுங்கள். ஒரு வீட்டில், மூன்று மாதத்துக்கு முன்பே அமைப்பின் சொந்தப் பரிசோதனையில் அது பிடிபட்டு, சாவி செய்ய ஆர்டர் போயிருக்கிறது. இன்னொரு வீட்டில் இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. குறை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது வீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். இரண்டாவது இன்டர்வியூவில் இதைச் சொன்னபோது பேனலில் ஒருவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

படிக்க வேண்டிய மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வந்த தேசியத் தரநிலைகள். 2014 டிசம்பரில் அரசு சுகாதாரச் சேவை அமைப்பான எச்.எஸ்.இ. வெளியிட்ட பாதுகாப்புக் கொள்கை. அதே மாதம்தான் மேயோ மாவட்டத்தின் ஆரஸ் அட்ராக்டா இல்லத்தில் குடியிருப்பவர்கள் கொடுமைப்படுத்தப்படுவது ரகசியக் கேமராவில் பதிவான காட்சிகளை ஆர்டிஇ தொலைக்காட்சி ஒளிபரப்பி நாடே அதிர்ந்தது, அதைப் பற்றித் தெரியாமல் போகாதீர்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, முடிவெடுக்க உதவும் சட்டம். அதன் சாரம்: ஒருவருக்கு எது நல்லது என்று நாம் நினைப்பதைவிட, அவருடைய விருப்பம் என்ன என்பதுதான் முன்னால் வர வேண்டும். நம் வளர்ப்பில் இது சுலபமாக ஏறாது, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேசாதவரின் கருத்தை எப்படி அறிவீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். "குடும்பத்தாரைக் கேட்பேன்" என்பது முழுப் பதில் ஆகாது. இங்கே லாவ் என்ற கை சைகை முறை இருக்கிறது, ஐரிஷில் அந்தச் சொல்லுக்கே கை என்றுதான் பொருள். வணக்கம், நன்றி, டீ, வீடு என்று பத்துச் சைகையாவது கற்றுக்கொள்ளுங்கள். மார்க்குக்காக அல்ல, அங்கே போய் மரம் மாதிரி நிற்காமல் இருக்க. அப்புறம் ஒருவர் அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் திரும்பி வருவது. முன்பின் தெரியாதவர் நம் வீட்டுக்குள் வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தால் சும்மா விடுவோமா?

இன்னொரு சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. நமக்கு "நான்" என்று சொல்ல வாய் வராது. நான் செய்ததை "நாங்கள் செய்தோம்" என்பதுதான் பணிவு. இன்டர்வியூவில் அது ஒரு மார்க்கும் வாங்கித் தராது. பேனலுக்குத் தெரிய வேண்டியது டீம் செய்தது அல்ல, நீங்கள் செய்தது. என் வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைத்து, "நாங்கள்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டச் சொன்னேன். முதல் நாள் மேசை உடைந்திருக்கும்.

எழுதிப் பழகுங்கள். "நன்றாகக் கவனிக்கப்படுகிறார்" என்பது ஒன்றும் சொல்லாத வாக்கியம். எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள்? ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேகத்துக்கு ஸ்பூனை நீட்டினாரா, நின்றுகொண்டே ஊட்டினாரா? அதை எழுதுங்கள். படிப்பவரே முடிவுக்கு வருவார்.

டிரைவிங் லைசென்ஸ் பற்றி எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், முதலில் கேளுங்கள். வேலை முழுக்கக் கார்தான், கிராமத்து ஒற்றைத்தடச் சாலைகள்வரை போக வேண்டும். இந்திய லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. தியரி டெஸ்ட், லேர்னர் பெர்மிட், பாடங்கள், டெஸ்ட் என்று முதலிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

வேலையில் சேர்ந்தபின் ஒன்று உறைத்தது. வாசலில் அடையாள அட்டையை நீட்டும்போது எதிரில் நிற்கும் பி.ஐ.சி.யின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த முகம் போன வருடத்து என் முகம். இரண்டு நிமிடம் அவர்களுக்கு மூச்சு விட நேரம் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பேன்.

நான் போன முதல் வீட்டில் வயதானவர் ஒருவர், டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டார். கற்ற பத்தில் அது ஒன்று. ஆமாம் என்றேன். ஊழியர் எழுந்து உதவப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். டீயில் நான்கு கரண்டி சர்க்கரை, முழுக்கக் குடித்தேன். பிறகு காருக்குள் வந்து நோட்டைத் திறந்து முதல் பத்தியில் எழுதினேன்: கெட்டிலை அவரே நிரப்பினார். அலமாரியை அவரே திறந்தார். பூட்டு இல்லை.