19 வயது நிறையாத தாய்மார்கள்

கிராம சுகாதார செவிலியரின் பையில் இரும்புச்சத்து மாத்திரை, பிரஷர் பார்க்கும் கருவி, பதிவேடு எல்லாம் இருக்கும். தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் அந்தப் பையோடு அலைந்த காலத்தில்தான் எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் எவ்வளவு இருக்கும், குழந்தை இரண்டரை கிலோவைத் தாண்டுமா என்பதெல்லாம் அவள் என்னிடம் வருவதற்குப் பல வருடம் முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. எதுவரை படிக்க வைத்தார்கள், எந்த வயதில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் சமூக நலத் துறையுடையது. சுகாதாரத் துறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பெண் படித்திருக்க வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. 2011-க்குப் பிறகு பத்தாவது முடித்தவளுக்கு 25,000 ரூபாய், பட்டதாரிக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம். "பத்தாவது முடிக்கட்டும் நர்சம்மா, தங்கம் கிடைக்கும்ல" என்று ஒரு அம்மா சொன்னபோது எனக்கு அப்படியொரு நிம்மதி. சீக்கிரம் கல்யாணம் வேண்டாம் என்று நாங்கள் தொண்டை வற்றப் பேசியும் அசையாத வீடு அது. 2022-ல் இதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். கல்யாணத்துக்குத் தருவதைவிடப் படிப்புக்குத் தருவதே சரி என்பது என் எண்ணம்.

2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும், செக்கப்புக்குப் போக மாமியாரிடம் காசு கேட்டு நிற்கும் நிலை பல வீடுகளில் போயிற்று. பஸ்ஸே வராத மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு அந்த உத்தரவால் பயன் இல்லை. அப்புறம், 2003-லிருந்து சில்லறை மதுக்கடைகளை நடத்துவதும் இதே அரசுதான். கணவனின் கூலி அங்கே போய்விடும் வீட்டில் முட்டையும் கீரையும் சாப்பிடச் சொல்லிவிட்டு வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாகவே இருந்தது.

என்னை அதிகம் வருத்தியது வேறொரு விதி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். குழந்தைத் திருமணத்துக்கு அரசே பணம் கொடுத்தது போல் ஆகிவிடக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 17 வயதில் கர்ப்பமாகி வந்து நிற்கும் பெண் அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தவள் இல்லை. உடம்பு முழுசாக வளராத, ரத்தசோகையும் எடைக் குறைவும் அதிகமாக இருக்கிற, நாங்கள் ஹை ரிஸ்க் என்று தனியாகக் குறித்துவைக்கிற தாய் அவள். வழக்கைப் பெரியவர்கள் மேல் போடட்டும். பெட்டகத்தையும் பணத்தையும் அவளுக்குக் கொடுக்க வேண்டும்.