ஜிபி தாளும் சொற்பட்டியலும்

2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து சிங்கப்பூரின் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள், மேல்நிலைத் தேர்வு எழுதி விண்ணப்பிப்போரை 70 புள்ளிகளுக்குக் கணக்கிடுகின்றன. அவற்றுள் ஹெச்2 எனப்படும் மூன்று முதன்மைப் பாடங்களுக்கு 60 புள்ளிகள். ஆங்கிலக் கட்டுரையும் கருத்தறிதலும் கொண்ட, ஜிபி என்று எல்லோரும் அழைக்கும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். ஜிபிக்கு அந்தச் சலுகை கிடையாது. தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகளின் மேசையில் சொற்பட்டியல் அச்சுப்பிரதிகள் குவிந்திருப்பதற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. கருத்தறிதல் தாள் அருஞ்சொற்களின் பொருளைத் தனியாகக் கேட்பதில்லை. பத்தியில் சொல்லப்பட்டதை மாணவர் தம் சொந்தச் சொற்களில் திரும்பச் சொல்ல முடிகிறதா என்றே பார்க்கிறது. ஒரு வழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறது என்று கட்டுரையாசிரியர் எழுதியிருக்கும்போது, அது அழிந்துவிட்டது என்று விடை எழுதினால், 'மெல்ல மெல்ல' என்பதும் 'வருகிறது' என்பதும் விடுபட்டுப்போவதால் மதிப்பெண்ணும் போய்விடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கடினமான சொல் கைவசம் இருக்கும். அதன் அளவு தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான சாட் தேர்வுகூடக் கோடிட்ட இடத்தை நிரப்பும் பழைய வாக்கிய வினாக்களை 2016இல் கைவிட்டுவிட்டது. இப்போது சிறிய பத்தியொன்றைக் கொடுத்து, அதற்குள் பொருந்தும் சொல்லைக் கேட்கிறது.

ஆகவே அவளுக்கு நான் சொன்ன பயிற்சி வேறு. நாளிதழின் கருத்துப் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து முழுவதும் வாசிக்க வேண்டும். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் வாதத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அவற்றைக் கோத்து, தேர்வில் கேட்பதைப் போலவே 120 சொற்களுக்குள் சுருக்க வேண்டும். இவ்வளவையும் பெரும்பாலான மாணவர்கள் செய்துவிடுகிறார்கள். அதன்பின் கட்டுரையை மறுபடி திறந்து, ஆசிரியர் எச்சரிக்கையாகச் சேர்த்திருந்த 'சில', 'பெரும்பாலும்', 'இந்நிலை தொடர்ந்தால்' போன்ற வரம்புகளில் எவற்றைத் தாம் தவறவிட்டோம் என்று சரிபார்ப்பதுதான் பயன் மிகுந்த பகுதி. நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் அதுதான். பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை அடுத்தடுத்து முடித்துத் தள்ளுவதைவிட, ஒரே பத்தியை இப்படி இருமுறை பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

இலக்கணத்துக்குச் சாதாரண நிலை (ஓ லெவல்) ஆங்கிலத் தேர்வின் பிழைதிருத்தப் பகுதியே இன்றும் நல்ல பயிற்சி. பன்னிரண்டு வரிகள், முதல் வரியும் கடைசி வரியும் சரியானவை, இடையிலுள்ள எட்டு வரிகளில் தலா ஒரு பிழை. எஞ்சிய இரண்டு வரிகளும் பிழையற்றவை என்பதால், சரியானதைச் சரியென்று விட்டுவிடும் துணிவும் அங்கே சோதிக்கப்படுகிறது.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடறுவது 'ஏ' (a), 'தி' (the) ஆகிய ஆங்கிலச் சொற்கள்தாம். தமிழில் அவற்றுக்கு நேரானவை இல்லை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீண்ட தொடர் புகுந்துவிட்டால் ஒருமை பன்மை குழம்புவது யாருக்கும் நேரக்கூடியது. இறந்தகால விகுதியை விழுங்கிவிடுவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷின் பழக்கம். மலாயிலும் சீனத்திலும் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. ஆனால் தமிழில் 'வந்தாள்', 'வருகிறாள்' என்று வினைமுற்றே பெரும்பாலும் காலத்தைக் காட்டிவிடுகிறது. காலம் பார்த்துப் பழகிய காது நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலம் எழுதும்போதும் தீட்டி வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஜிபிக்கு நேரம் வேண்டும், ஆகவே தமிழ் வாசிப்பை நிறுத்து என்று சொந்தக்காரர்கள் தரும் யோசனையை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுரைத் தாளுக்கு 500 முதல் 800 சொற்கள் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கெனத் தனி வாசிப்பு தேவையில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்; சுருக்கி எழுதிய கட்டுரைகளைத் தலைப்புவாரியாக ஒரே குறிப்பேட்டில் சேர்த்து வந்தால், முன்னோட்டத் தேர்வு வரும்போது எடுத்துக்காட்டுகளும் அவற்றின் வரம்புகளும் அவளுடைய சொற்களிலேயே அங்கு இருக்கும்.