புரெவிப் புயல்: கணக்கெடுப்பில் விடுபட்ட வயலுக்கு நிவாரணம் கேட்டு அலைந்த அனுபவம்

2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை நிலவரப்படி கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டரும் சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டரும் மழை பதிவாகியிருந்தது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் சம்பா வயலில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் நான்கு நாள் கழித்துச் சேதக் கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் என்னிடம் முதலில் கேட்டது, "புயல்தான் பாம்பன் பக்கமே வலுவிழந்துவிட்டதே, இங்கே எந்தப் புயலில் சேதம்?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியைத் தாண்டி வர எனக்கு ஏழு வாரங்கள் ஆயின.

அவர் கையில் இருந்தது, நவம்பர் 25 நள்ளிரவில் புதுச்சேரி அருகே கரை கடந்த நிவர் புயலுக்கான பட்டியல். அதில் எங்கள் ஊருக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது, அது உண்மையும்கூட. எங்களை மூழ்கடித்தது அடுத்து வந்த புரெவி. டிசம்பர் 1ஆம் தேதி மாலை புயலாகி, மறுநாள் இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையைக் கடந்தபோதுகூட அதன் காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர்தான். மன்னார் வளைகுடாவுக்கு வந்ததும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்து, ராமநாதபுரம் கரையோரம் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றுவிட்டது. தென்மாவட்டங்களும் கேரளமும்தான் எச்சரிக்கையாக இருந்தன. நின்ற இடத்திலிருந்தே அது வங்கக் கடலின் ஈரக்காற்றை 200 கிலோமீட்டருக்கும் வடக்கே உள்ள எங்கள் கரைமீது இழுத்துக் கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. காற்றை மட்டும் வைத்துப் புயலை அளப்பவர்களுக்கு, வடிய வழியில்லாமல் ஒரு வாரம் நீருக்குள் கிடந்து அழுகிய, கதிர் வெளிவரும் முன் பொதியாக இருந்த பயிரைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது.

முதல் வீண் அலைச்சல் பயிர்க் காப்பீட்டுக்காக. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து சென்று இ-சேவை மையத்தில் அரை நாள் நின்றேன். தனி வயல் அளவில் வெள்ளப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் பிரிவில் அப்போதைய விதிப்படி நெல் சேராது என்பதும், அறுவடையின்போது நடக்கும் பரிசோதனையில் ஊர் முழுவதற்குமான மகசூல் குறைந்தால்தான் தொகை வரும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்த நேரத்தை அரசு நிவாரணத்துக்கான ஆதாரம் திரட்டுவதில் செலவிட்டிருப்பேன்.

நிவாரணம் பெறச் சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு வருபவர், அடியில் அழுகி மேலே பச்சையாக நிற்கும் பயிரைப் பார்த்துத் தேறிவிடும் என்று எழுதிவிடக்கூடும். மறுகணக்கெடுப்புக்கு என் வயலுக்கு வந்தவரும் அப்படித்தான் எழுத முனைந்தார். நான்கு இடங்களில் பயிரைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து காட்டிய பிறகே பேனாவை நிறுத்தினார். மோட்டார் கொட்டகையும் வயலும் ஒரே படத்தில் தெரியும்படி டிசம்பர் 4 முதல் தினமும் எடுத்து வைத்திருந்த படங்கள்தாம், அந்தச் சேதம் நிவருக்குப் பிந்தையது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலைநாட்ட உதவின. மறுகணக்கெடுப்பு கேட்டு மனு கொடுத்தபோது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்ததால், மனுவே வரவில்லை என்று சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் மனுவுக்கு முத்திரையோடு நகல் வாங்கினேன்.

என்ன பயிரிட்டேன் என்பதைக் காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில்தான் இடித்தது: மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் இன்னும் என் தாத்தா பெயரிலேயே இருந்தது.

ஜனவரித் தொடக்கத்தில் அரசு, பாசன நெல்லுக்கான இடுபொருள் (விதை, உரம் போன்றவை) நிவாரணத்தை ஹெக்டேருக்கு 13,500 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தது. அந்த மாதக் கடைசியில், என் பெயரில் உள்ள இரண்டு ஏக்கருக்கு, அதாவது 0.81 ஹெக்டேருக்கு, 16,200 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தபோது வயலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தாத்தாவின் ஒரு ஏக்கருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. மறுநாளே வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு எழுதி, இம்முறை முதலில் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.