வீடு, பள்ளி, இடையில் ஒரு சாலை

மாற்றல் உத்தரவு வந்ததும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?" என்பதுதான். கேட்டதோடு நிற்காமல் ஆளுக்கொரு பெயரும் சொன்னார்கள். மகள் எட்டாம் வகுப்பை முடிக்கவிருந்தாள். மகன் முதல் வகுப்பில் சேரவேண்டியவன். இருவருக்கும் ஒரே பள்ளி, பள்ளிக்கு அருகில் வீடு, அங்கிருந்து அலுவலகத்துக்கு எளிய பயணம், கட்டுப்படியாகும் வாடகை என்று நான்கும் சேர்ந்து கிடைக்கும் பகுதி பெருநகரத்தில் அகப்படாது என்பது தேடத் தொடங்கியதுமே விளங்கிவிட்டது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வேலையே இருந்தது.

வரைபடத்தில் அலுவலகத்தைச் சுற்றி வட்டம் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பெருநகரத்தில் கிலோமீட்டருக்கும் நேரத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. அதனால் வேலைநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் எவ்வளவு நேரமாகும் என்று செயலியில் பார்த்தோம். நிறுத்தம் வரையிலான நடை, காத்திருப்பு, வண்டி மாறுவது எல்லாவற்றையும் அதோடு கூட்டினோம். தரகர்கள் சொல்லும் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும் உண்மையாகும்.

அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெடுநேரம் பயணம் செய்து வேலைக்குப் போய்வருவோரிடம் வாழ்க்கை நிறைவு குறைவாக இருக்கிறது, கூடுதல் சம்பளமோ குறைந்த வாடகையோ அதை ஈடுகட்டுவதில்லை என்பது அவர்கள் கண்டது. இதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "ஜெர்மானியர்கள் பாவம்" என்றார். ஆனால் ஒருவழிப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பகுதிகளை அன்றிரவே பட்டியலிலிருந்து அவரே அடித்துவிட்டார்.

பள்ளிகளை எடைபோடும்போது எங்களுக்குள் உரசல் தொடங்கியது. அவருக்குத் தரவரிசையில் நம்பிக்கை. எனக்கு அவ்வளவாக இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966இல் வெளியான பேரறிக்கை, மாணவர்களின் தேர்ச்சியில் தெரியும் ஏற்றத்தாழ்வுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்றது. அந்த முடிவு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. நல்ல ஆசிரியரால் வரும் மாற்றத்தைப் பிந்தைய ஆய்வுகள் பல எடுத்துக்காட்டியிருக்கின்றன. ஆனாலும் நுழைவுத்தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதம், யாரை வடிகட்டி எடுத்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

ஆகவே நேரில் போய் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? வேறு பாடத்திட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு பாடத்தில் பின்தங்கினால் வீட்டுக்கு எப்போது சொல்வீர்கள்? பெரிய பெயர் கொண்ட ஒரு பள்ளியில் மூன்றுக்கும் பதிலாக வழவழப்பான கையேடு ஒன்றைத் தந்தார்கள். நீச்சல்குளத்தின் படம் அதில் அழகாக இருந்தது. தரவரிசையில் நடுவில் கிடந்த இன்னொரு பள்ளியில் தலைமையாசிரியை, "உங்கள் மகள் இதுவரை கணக்கில் படித்த பகுதிகளை எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். அங்கே இயற்கணிதம் ஓராண்டு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. விட்டுப்போன பகுதிகளைப் பள்ளி முடிந்தபின் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதையும் அவர் விளக்கினார். கணவர் அன்று தரவரிசையைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு எதிரே நின்று பார்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன். பெரிய பிள்ளைகள் சிறியவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்களா, காவலாளி பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, அழைத்துப்போக யாரும் வராத குழந்தையோடு ஓர் ஆசிரியர் நிற்கிறாரா என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் வராது. பள்ளி அலுவலகத் தொலைபேசியை எடுப்பவரின் குரலும் அப்படித்தான். அடுத்த பல ஆண்டுகள் நாம் பேசப்போவது பெரும்பாலும் அவரிடம்.

விதிமுறைகள் வேறொரு உலகம். பல நகரங்களில் அரசுப் பள்ளிச் சேர்க்கைக்கு வசிப்பிட எல்லை உண்டு. அந்தக் கோடு சில இடங்களில் தெருவின் நடுவே போகும். வலப்பக்கத்து வீட்டுக்கு ஒரு பள்ளி, இடப்பக்கத்துக்கு வேறொன்று. எல்லைக்குள் வீடு இருந்தும் இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். உடன்பிறந்தோருக்கு முன்னுரிமை உண்டா என்பதைக் கட்டாயம் கேட்கவேண்டும். எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. மகளுக்கு இடம் கிடைத்ததும் மகனுக்கும் வழி திறந்தது. வயதைக் கணக்கிடும் தேதிக்குச் சில வாரங்கள் பிந்திப் பிறந்தவன் என்பதால் அவனை மழலையர் வகுப்பில்தான் சேர்ப்போம் என்றார்கள். மேல்முறையீடு செய்ய வழியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். வகுப்பில் மூத்தவனாக இருப்பதால் ஆறு வயதுப் பையனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சேர்க்கைக்கு முகவரிச் சான்று வேண்டும், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், சேர்க்கை உறுதியாகாமல் ஒப்பந்தம் போடப் பயம். இந்தச் சிக்கலில் எல்லோரும் மாட்டுகிறார்கள். பள்ளி அலுவலகத்தில் எந்தெந்தச் சான்றுகளை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். வீட்டு உரிமையாளரிடம், குறிப்பிட்ட தேதிக்குள் இடம் கிடைக்காவிட்டால் ஒரு மாத வாடகையோடு விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவைச் சேர்க்கச் சொன்னோம். முதலில் முகம் சுளித்தவர், குடும்பம் நிலையாகத் தங்கும் என்று தோன்றியதும் ஒப்புக்கொண்டார்.

இனி அந்தச் சாலை. கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர் 1929இல் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு வரைவு தந்தார். நடுவில் தொடக்கப் பள்ளி, பிள்ளைகள் எளிதில் நடந்துபோகும் தூரத்தில் வீடுகள், பெருஞ்சாலைகள் பகுதியின் விளிம்போடு நின்றுவிட வேண்டும். அதன்மீது விமர்சனங்கள் நிறைய உண்டு. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் பெருஞ்சாலையைக் கடக்கக்கூடாது என்ற கருத்தை மறுக்கும் பெற்றோரை நான் பார்த்ததில்லை. நாங்கள் மிகவும் விரும்பிய வீட்டை இதற்காகத்தான் விட்டோம். காற்றோட்டமான வீடு, வாடகையும் குறைவு. பள்ளி எதிர்ப்புறத்திலேயே இருந்தது. நடுவில் ஆறு தடச் சாலை. நடைமேம்பாலம் இருந்தும் ஒருவரும் அதில் ஏறவில்லை.

மீதமிருந்த இரண்டு பகுதிகளில் ஆளுக்குச் சில நாட்கள் வாடகை அறை எடுத்துத் தங்கினோம். இரவு பதினொரு மணிக்கு எப்படி இருக்கிறது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. சாலைப் போக்குவரத்தின் இரவு ஓசை 45 டெசிபலுக்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டலில் பரிந்துரைத்தது. கைப்பேசிச் செயலி காட்டும் அளவு துல்லியமானதல்ல. எங்கள் கணக்கில் இரண்டு பகுதிகளுமே தோற்றன. ஒன்று கொஞ்சம் கௌரவமாகத் தோற்றது.

முடிவுக்கு உதவியவள் மகள். ஆளுக்கொரு தாளில், எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாததை மட்டும் எழுதினோம். நான் பிள்ளைக்கு நண்பகலில் காய்ச்சல் வந்தால் எங்களில் ஒருவர் அரை மணி நேரத்தில் பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று எழுதினேன். கணவர் நல்ல அறிவியல் ஆய்வகம் என்றார். மகள், "யாரையும் கேட்காமல் நானே போய்வர ஓர் இடம்" என்று எழுதியிருந்தாள். தோழிகளையெல்லாம் விட்டுவிட்டு வருகிற பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது சின்னக் கோரிக்கை இல்லை. தரவரிசையில் நடுவில் கிடந்த அந்தப் பள்ளியை ஒட்டிய பகுதியில் பொது நூலகமும், விளையாட்டுத் திடலும், அடிக்கடி பேருந்து வரும் நிறுத்தமும் நடை தூரத்தில் இருந்தன. வீடு சிறியது. ஆய்வகம் சுமார்தான் என்பதைக் கணவர் பதிவுசெய்யச் சொல்கிறார்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நகல்களோடு தனிப்பையில் வைத்துக் கையோடு கொண்டுவந்தோம்; வீட்டுச் சாமான்கள் தாமதமாக வந்தபோதும் சேர்க்கை தடைபடவில்லை. வயது கூடிய பிள்ளைகள் இருந்தால் பொதுத்தேர்வு ஆண்டையோ, பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐபி டிப்ளமா போல ஈராண்டுகள் தொடர்ச்சியாகப் படிக்கவேண்டிய படிப்பின் நடுப்பகுதியையோ தவிர்த்து மாறுவது நல்லது. சொந்த வீடு வாங்கும் பேச்சை மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை ஒத்திவைத்திருக்கிறோம்.