தபாலை வாங்கிவிடுங்கள்

பதிவுத் தபால் வந்தால் "ஆள் இல்லை" என்று திருப்பிவிடுவது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். கையெழுத்துப் போட்டால்தானே வம்பு, போடாவிட்டால் கேஸ் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. வங்கியின் கடன் வசூல் பிரிவில் இருந்தபோது, பாம்பனிலிருந்து தொண்டி வரை இதைப் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பி வருவதில் பாதி, வீட்டைக் காப்பாற்ற அவகாசம் கொடுக்கிற தபால்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமான வீட்டை ஏலம் விடலாம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவில் வரும் நோட்டீஸ்: மொத்தப் பாக்கியையும் 60 நாளில் கட்டச் சொல்லும். ஊரில் இதற்கே 'ஜப்தி நோட்டீஸ்' என்று பெயர். உண்மையில் அன்றைக்கு யாரும் எதையும் எடுக்க வரமாட்டார்கள். அந்த அவகாசத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே கணக்கு கெடுவதற்கும் ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், தவணைத் தேதி கிடக்காது. மார்ச் முதல் வாரத் தவணை தவறியிருந்தால் போதும், தடை முடிவதற்குள் 90 நாள் தாண்டிவிடும். படகு கடலுக்குப் போய் இறால் காசு வரத் தொடங்கும்போது நோட்டீசும் வரும். காரணம் சொல்லி எழுத அதைவிட நல்ல நேரம் கிடையாது. நின்றுபோன தவணைகளை வட்டியோடு முழுக்கக் கட்டினால் கணக்கு திரும்பச் சீராகிவிடும்.

தபால் திரும்பினால் சட்டம் காத்திருக்காது. நோட்டீசைக் கதவில் ஒட்டி, பத்திரிகையிலும் போடலாம். தங்கச்சிமடத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்த தகரக் கதவு. பசை பிடிக்கவில்லை, ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை பறக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் செலோடேப் கொண்டுவந்து கொடுத்தான். ஒட்டியதைப் போட்டோ எடுத்தோம், அதுதான் ஆதாரம். உள்ளேயிருந்து வந்த அம்மா, "ஊரே பாக்க ஒட்டுறீகளே தம்பி, கையில குடுத்திருக்கப்படாதா?" என்றார். கையில் கொடுக்கத்தான் இரண்டு முறை தபால்காரர் வந்து போயிருந்தார். "வீட்டை விட்டு யாரும் போக வேண்டாம் அக்கா, இன்னும் நாள் கிடக்கு. இந்தத் தேதியைப் பாருங்க" என்று காட்டிவிட்டு வந்தேன்.

60 நாள் கழிந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ். முதலில் பெரும்பாலும் காகிதத்தில்தான் சுவாதீனம். குடும்பம் உள்ளேயே இருக்கும். அடம்பிடிக்கும் குடும்பத்தை வெளியேற்ற, 14ஆம் பிரிவில் கலெக்டர் உத்தரவு வாங்கித்தான் வங்கிகள் வரும். வசூல் ஏஜென்ட் நாலு பேர் வந்து பூட்டுப் போட்டால் அது அடாவடி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் போன்கூடப் போடக்கூடாது.

சுவாதீன நடவடிக்கையை எதிர்க்க 45 நாள் உண்டு. போக வேண்டிய இடம் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருவதாக பீஸ் கேட்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்தக் கதவை ஏறக்குறைய அடைத்தே வைத்திருக்கிறது. காசில்லாதவர்கள் ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உதவி கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

கடைசியில் ஏலம். அங்கீகரித்த மதிப்பீட்டாளர் விலை போட வேண்டும், கடன் வாங்கியவருக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஏலத்தன்று காலையில் நகையை விற்றுக்கொண்டு ஓடிவந்த குடும்பங்கள் உண்டு. முன்பு அந்தக் காசுக்கு வழி இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை.

வீடு போனபின்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கடனும் செலவும் போக மிஞ்சும் ஏலப்பணம் வீட்டுக்காரருடையது. வீடு போன கோபத்தில் பலர் அதைக் கேட்டே வருவதில்லை. எவ்வளவுக்குப் போனது, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கணக்குக் கேட்டு மனுக் கொடுங்கள். அதற்கும் நகலில் முத்திரை வாங்குங்கள்.