கொல்லையில் வெந்த பீன்ஸ்

பீன்ஸுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு வழிதான். பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, பச்சை மங்குவதற்குள் இறக்கித் தேங்காய்ப்பூ தூவினால் வெஞ்சனம் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. கொஞ்சம் அசந்து நிறம் மாறிவிட்டால் "காயைக் கொன்னுட்டியே" என்பார் அப்பத்தா. அப்படி வளர்ந்தவள் நான், அடுப்பில் ஒரு மணி நேரம் கிடந்த பீன்ஸைத் தேடி இவ்வளவு அலைவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வேலை விஷயமாக அட்லாண்டாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில், ஜார்ஜியா, டென்னசி, அலபாமா என்று அந்த வட்டாரத்தில், 'மீட் அண்ட் த்ரீ' என்று ஒரு சாப்பாட்டு முறை உண்டு. ஒரு கறி, கூடவே மூன்று வெஞ்சனம், எது வேண்டும் என்று நாமே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மக்ரோனியும் சீஸும் சேர்த்துச் செய்வது அங்கே காய்கறிக் கணக்கில்தான் வருகிறது, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த மூன்றில் ஒன்றாக ஒரு நாள் ஒரு சின்னக் கிண்ணத்தில் பீன்ஸ் வந்தது. பழைய காக்கிச் சட்டையைப் பச்சைச் சாயத்தில் முக்கினால் வருமே, அந்த நிறம். கீழே சாறு, மேலே எண்ணெய்க் கண்கள், நடுவில் பேக்கன் என்கிற பன்றிக்கறித் துண்டுகள். நேற்று மிஞ்சியதைச் சூடு பண்ணித் தருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாயில் வைத்தேன். கரண்டியில் எடுக்கும்போது முழுசாக நிற்கிற காய், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்து கரைகிறது; முதலில் உப்பு, அப்புறம் புகை, கடைசியில் எங்கிருந்தோ லேசாக ஒரு புளிப்பு.

அங்கேயே பீன்ஸில் இன்னொரு பிரபலமான ஐட்டம் இருக்கிறது, காளான் சூப் ஊற்றி மேலே பொரித்த வெங்காயம் போட்டு ஓவனில் வைப்பது. அது 1955இல் காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல் பிரிவில் டார்கஸ் ரைலி என்கிற அம்மா கண்டுபிடித்தது, தேங்ஸ்கிவிங் விருந்துக்குத் தவறாமல் வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சொல்வது அதுவல்ல.

சரி, காரைக்குடிக்குத் திரும்பி வந்தாயிற்று. வீட்டிலிருந்தே வேலை. ஆசை விடவில்லை. இங்கே நான் கேட்ட கடைகளில் பேக்கன் இல்லை. சென்னையிலிருந்து பல்லவனில் வந்த சித்தப்பா மகன், மீன் வாங்கப் போகிறவன் மாதிரி ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு பாக்கெட் கொண்டுவந்தான். அப்பத்தா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்னத்தா இது?"

"பன்னிக்கறி அப்பத்தா. உப்புப் போட்டு, புகை காட்டுனது."

"அது வளவுக்குள்ள வரக்கூடாது. தின்னணும்னா கொல்லைல வச்சுக் காய்ச்சிக்க."

நியாயம்தான். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆடு, கோழி, காடை, நண்டு, முயல் எல்லாம் வெந்திருக்கின்றன, பன்றி மட்டும் நுழைந்ததில்லை. அதனால் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, அதற்கு மூன்று அறை தாண்டி வரும் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர், பாத்திரத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பேரம் பேசி வாங்கிய நீல எனாமல் சட்டி. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த காலத்தில் கப்பலில் வந்திறங்கிய எனாமல் சாமான்கள் இன்னும் அந்தத் தெருவில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இதுவும் யாரோ ஒரு ஆச்சியின் வீட்டில் பாயசம் கண்டதாக இருக்கலாம். மன்னிக்கட்டும்.

பீன்ஸ் வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொரியலுக்கு நாம் தேடுகிற பிஞ்சு இதற்கு ஆகாது. பிஞ்சு கால் மணியில் கரைந்துவிடும். சந்தையில் நாட்டு பீன்ஸ் என்று கேட்டு, உள்ளே கொட்டை லேசாகத் தட்டுப்படுகிற, இரண்டு பக்கமும் நார் இருக்கிற காயாக அரைக்கிலோ பொறுக்கினேன். காய்க்காரம்மா, முற்றலைப் போய்ப் பொறுக்குகிறாளே என்று ஒரு மாதிரி பார்த்தார். அமெரிக்காவிலும் முன்பெல்லாம் எல்லா பீன்ஸும் நார் உள்ளதுதான். நியூயார்க் மாநிலத்தில் லெராய் என்ற ஊரில் கால்வின் கீனி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாரில்லாத ரகத்தை உருவாக்கினார், அதற்கப்புறம்தான் கடைகளில் நாரில்லாதது வந்தது. ஆனால் தெற்கே மலைப்பக்கத்துக் கிழவிகள் இன்னும் நார் உள்ள ரகத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ருசி அதில்தான் என்கிறார்கள். காம்பைக் கிள்ளி, நாரை அந்த முனையிலிருந்து இந்த முனைவரை உரித்து, கத்தி தொடாமல் கையால் இரண்டிரண்டு அங்குலமாக ஒடிக்க வேண்டும். சட் சட்டென்று ஒடிகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே செய்யலாம்.

பேக்கனை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சட்டி சூடாவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். காய்ந்த சட்டியில் போட்டால் கொழுப்பு உருகுவதற்குள் கறி கருகிவிடும். சின்னத் தீயில் எட்டு, பத்து நிமிஷம். முதலில் துண்டுகள் வெளுத்து வியர்க்கின்றன, அப்புறம் அந்த வியர்வை தெளிந்த எண்ணெயாகி, துண்டுகள் அதிலேயே தாங்களாகப் பொரிய ஆரம்பிக்கின்றன, ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி ஆகும்போது அரித்து எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு இருந்தால் போதும், மிச்சத்தை வடித்துவிடலாம். அதில் நீளவாக்கில் அரிந்த வெங்காயம், நாலு பல் பூண்டு, தாராளமாக மிளகுத்தூள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பீன்ஸ், காய் மூழ்குகிற அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் அல்லது கோழிச் சாறு, பொரித்ததில் பாதிப் பேக்கன். மூடிவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இங்கேதான் நான் இரண்டு தப்புப் பண்ணினேன். கோழிச் சாறுக்குப் பதில் கடையில் விற்கிற சூப் கட்டி ஒன்றைக் கரைத்து ஊற்றி, பழக்க தோஷத்தில் கல்லுப்பும் ஒரு சிட்டிகை போட்டேன். பேக்கனே உப்பு, கட்டியும் உப்பு, மேலே என் உப்பு. இரண்டாவது, கடைசியில் சேர்க்க வேண்டிய வினிகரை, ஞாபகமாக இப்போதே ஊற்றிவிடலாம் என்று முதலிலேயே ஊற்றிவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. காய் வேகவில்லை. நிறம் மட்டும் காக்கியாகிவிட்டது, கடித்தால் நறுக் நறுக்கென்கிறது. இன்னும் இருபது நிமிஷம். அப்படியே. மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஐந்தடி தள்ளி நின்ற அப்பத்தா கேட்டார், "புளி ஊத்துனியா?"

"புளி இல்ல, வினிகர்."

"அதுவும் புளிப்புத்தானே? காய் வேகறதுக்கு முன்னாடி புளியைக் கரைச்சு ஊத்துனா எந்தக் காய்டி வேகும்?"

முப்பது வருஷமாகப் புளிக்குழம்பு சாப்பிடுகிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கிற பெக்டின் வெந்நீரில் இளகித்தான் காய் மெத்தென்றாகிறது. புளிப்பு இருந்தால் அது இளகாது. அதேபோல நிறம் மாறுவதற்கும் புளிப்புத்தான் காரணம். சூட்டில் காயின் சொந்த அமிலமே வெளியே வந்து, பச்சையத்தின் நடுவில் இருக்கிற மெக்னீசியத்தைக் கிளப்பிவிட, பச்சை போய்க் காக்கி வருகிறது. வினிகரை வேறு ஊற்றினால் கேட்கவே வேண்டாம். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை நிற்கும், காயும் சீக்கிரம் வேகும், ஆனால் கூழாகிச் சோப்பு வாடை வந்துவிடும். இந்த வெஞ்சனத்துக்குக் காக்கிதான் நிறம், அதை ஒத்துக்கொண்டுவிட வேண்டும்.

இரண்டாவது பாக்கெட்டை அடுத்த ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். உப்பே போடவில்லை. ஒரு மணி நேரம் வெந்தபின் மூடியைத் திறந்து பத்து நிமிஷம் சாறைச் சுண்ட விட்டு, அப்புறம் ஒரு தேக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, இடித்த வரமிளகாய் கொஞ்சம், எடுத்துவைத்த பேக்கன். அட்லாண்டா அப்படியே வந்து இறங்கியது. நானும் தம்பியும் கிணற்றடியில் உட்கார்ந்து சட்டியை வழித்தோம். அப்பத்தா அந்தப் பக்கம் வரவில்லை.

பேக்கன் தீர்ந்துபோனது. அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது, இதில் பேக்கன் கறியாக வரவே இல்லை. அரைக்கிலோ காய்க்கு நான் போட்டது நாலைந்து பேக்கன் கீற்றுதான். கறி வாங்க வசதியில்லாத வீடுகளில், பன்றி அடித்தபோது உப்பில் போட்டுவைத்த துண்டு ஒன்றைச் சட்டியில் போட்டு, அந்த உப்பிலும் கொழுப்பிலும் தோட்டத்துக் காயைப் பெரிதாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். உப்புப் போட்டுக் காயவைத்த கறி நம்மிடம் இல்லையா என்ன?

உப்புக்கண்டம்! பங்குனி, சித்திரை வெயிலில் ஆட்டுக்கறியை நீளவாட்டில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூண்டும் பிசறி, கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்து, காக்காய்க்குத் தப்ப மேலே துணி கட்டி, மாடியில் தொங்கவிடுவார்களே. நாலைந்து நாளில் கட்டை மாதிரி ஆகிவிடும். சின்ன வயசில் அந்தக் கயிற்றுக்குக் காவல் இருந்து, காவல்காரியே இரண்டு துண்டு திருடிய அனுபவம் எனக்கு உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காரர்களும் ஊசி நூல் எடுக்கிறார்கள், ஆனால் கோப்பது கறியை இல்லை, பீன்ஸை. முழுக் காயாக நூலில் கோத்துத் திண்ணையில் தொங்கவிட்டு, தோல் மாதிரி சுருங்கும்வரை காயவைத்து, குளிர்காலத்தில் ராத்திரி ஊறப்போட்டு உப்புப் பன்றிக்கறியோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். 'லெதர் பிரிட்சஸ்' என்று பெயர், தோல் கால்சட்டை! நம் கொத்தவரங்காய் வற்றலுக்கு இப்படியொரு பெயர் வைக்க நமக்குத் தோன்றவில்லை.

உப்புக்கண்டத்தில் இரண்டு குறை. கொழுப்பு கிடையாது, புகை கிடையாது. கொழுப்புக்கு முதலில் கறிக்கடையில் ஆட்டுக்கொழுப்பு வாங்கி உருக்கிப் பார்த்தேன். சூடாக இருக்கும்வரை அமிர்தம், ஆறியதும் உறைந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. பன்றிக்கொழுப்பு இவ்வளவு சீக்கிரம் இறுகாது. கடைசியில் நல்லெண்ணெய்தான் சரிப்பட்டது. புகைக்குக் கொட்டாங்குச்சிக் கனல் ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சட்டிக்குள் இறக்கி ஐந்து நிமிஷம் மூடினேன். வீடு முழுக்கப் புகை. இருந்தாலும் சாறில் பிடித்தது.

மற்றபடி முறை அதேதான். உப்புக்கண்டம் ஒரு கைப்பிடியை அலசி, வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பிய்த்து, நல்லெண்ணெயில் பொரித்து, பெரிய வெங்காயத்துக்குப் பதில் சின்ன வெங்காயம். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே காய்க்கு ஊற்ற வேண்டும், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வினிகர் கடைசியில். தனி உப்பு வேண்டாம். இந்தத் தடவை சமையலறையிலேயே, மண்சட்டியில்.

பேக்கன் ருசி வந்ததா என்றால் இல்லை. இது வேறு. உப்புக்கண்டம் கரையாது, மெல்ல வேண்டியிருக்கும், வாசனையும் கொஞ்சம் முரட்டுத்தனம். எனக்கு அதைவிட இது ஒரு படி குறைவுதான், தம்பிக்கு இதுதான் மேல்.

அப்பத்தா முதலில் நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இங்கிலீஷ் காயை இவ்வளவு நேரமா வேகவைப்பாங்க?" மிளகாயும் பீன்ஸும் ஒரே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான், மிளகாய் மட்டும் எப்படியோ நம்மூர்க்காரனாகிவிட்டது, பீன்ஸ் அவருக்கு இன்னும் இங்கிலீஷ்காரன். ஒரு காயை எடுத்து வாயில் போட்டார். மேலே இரண்டு, கீழே மூன்று பல்தான் அவருக்கு மிச்சம். மெல்லவில்லை, உள்ளே போய்விட்டது. இன்னொன்று. அப்புறம் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, சாறைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். இந்தச் சாறுக்குத் தெற்கத்திக்காரர்கள் 'பாட் லிக்கர்' என்று பெயர் வைத்து, மக்காச்சோள ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள் என்று சொன்னேன். லிக்கர் என்றதும் தம்பி நிமிர்ந்து பார்த்தான். அப்பத்தாவுக்குக் காதில் விழவில்லை.

சாப்பிட்டு முடித்துச் சட்டியைக் கழுவ எடுத்தேன். அடியில் கால் கிண்ணம் சாறும் நாலைந்து காயும் கிடந்தன.

"அதைக் கொட்டிராத. ராத்திரி இடியாப்பத்துக்கு ஆகும்."